இரண்டு விரல் அகலம்

வெள்ளைப்பாறைச் சுண்ணாம்புக்கல் குவாரிக்குப் புது மஸ்டர் வந்து சேர்ந்த திங்கட்கிழமையிலிருந்துதான் அங்கே குடியிருந்தவர்களுக்கு எதையும் முடிக்க முடியாமல் போனது. மஸ்டர் என்பது வேலையாட்களின் பேரை எழுதி நாளுக்கொரு கட்டமாகக் குறி போடுகிற பெரிய புத்தகம். பழைய மஸ்டரில் பேருக்கென்று ஒரு சாண் அகலம் இருந்தது. ஊர், தகப்பன் பேர், சொந்தப் பேர், பட்டப்பேர், இன்னார் மருமகன் என்பதுவரைக்கும் அதில் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளலாம். பட்டணத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் கம்பெனி ஆட்கள், ஒரு நாளும் குவாரிக் கல்லை மிதித்தறியாதவர்கள், லீவுக்கு ஒரு பத்தி, மருந்துக்கு ஒரு பத்தி, ஓவர்டைமுக்கு ஒரு பத்தி, எதற்கென்று யாருக்கும் தெரியாத வெறும் பத்தி ஒன்று என்று கோடு கிழித்துக்கொண்டே வந்து, மனுஷன் பேருக்கு இரண்டு விரல் அகலத்தை மிச்சம் வைத்து அச்சடித்து அனுப்பியிருந்தார்கள்.

டைம் கீப்பர் தங்கப்பழம் அந்த இரண்டு விரல் அகலத்தைப் பார்த்தபடி ஒரு பீடி குடித்து முடித்தான். பிறகு பேனாவை எடுத்து, மூன்று விதமாகப் பேர்களை வெட்டினான்.

பெரும்பாலான ஆட்களுக்கு ஊரில் ஒரு முதலெழுத்து, தகப்பனில் ஒரு முதலெழுத்து, ஆளில் ஒரு முதலெழுத்து, இடையிடையே புள்ளி. கருங்காடு வன்னியப்பன் மகன் சிவனணைந்தபெருமாள் அப்படித்தான் க.வ.சி. ஆனார். இரண்டு பேருக்கு ஒரே எழுத்துகள் வந்து முட்டிக்கொண்டால், ஒருத்தனுக்கு மட்டும் தலையெழுத்தையும் கடைசி எழுத்தையும் வைத்துக்கொண்டு வயிற்றை எடுத்துவிட்டான். ஆறுமுகநயினார் அந்த வகையில் வெறும் ஆர் ஆனான். ஒரே குவியலில் ஜல்லி உடைக்கிற கோமதி, மாடத்தி, பிச்சம்மாள், செல்லக்கிளி நாலு பேருக்கும் தனித்தனியாக வரி எதற்கு என்று, நாலு முதலெழுத்தையும் புள்ளியில்லாமல் ஒட்டி ஒரே வரியில் ‘கோமாபிசெ’ என்று எழுதி, மறுநாள் காலையில் அதை ஒரே பேராகக் கூப்பிட்டான். நாலு பேரும் ஒரே குரலில் “வந்தாச்சு” என்றார்கள்.

வெடி வைக்கிற இடம் என்பதால், வாசலைத் தாண்டுகிற எவரையும் மஸ்டரில் ஏற்றாமல் விடக்கூடாது என்பது கம்பெனிச் சட்டம். ஆகவே காலனியில் குடியிருந்த பெண்டு பிள்ளைகளும், வந்து போகிற விருந்தாளிகளும், அவரவர் ஆளுடைய வரியிலேயே ஓரமாக ஓர் எழுத்தாக ஏறினார்கள். ஏறாதவன் தங்கப்பழம் ஒருத்தன்தான். எழுதுகிறவன் பேர் வரியில் வராது. பக்கத்தின் அடியில், மேற்படி சரி என்ற வார்த்தைகளுக்குக் கீழே, முழுசாகக் கையெழுத்தாக வரும்.

அன்று சாயங்காலம் சிவனணைந்தபெருமாள் டீ குடித்தார். முதல் மடக்கு சூடாக, இனிப்பாக இறங்கியது. இரண்டாவது மடக்கு வாயில் ஏறவில்லை. கிளாஸில் டீ இருந்தது, அவருக்குத்தான் அது இல்லை. பீடி பற்றியது, முதல் இழுப்போடு நின்றது. ராத்திரி தூக்கம் வந்தது, கண்ணை மூடியதோடு சரி. மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கருங்காட்டுக்குப் புறப்பட்டார். குவாரி வாசலைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, ரோடு முதன்முதலாக வளைகிற இடம்வரை நடந்தார். வளைவில் காலை வைத்ததும் மறுபடியும் தன் வீட்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றார். ஒன்பது தடவை புறப்பட்டார். ஒன்பது தடவையும் புறப்பட்டது மட்டும்தான் அவருக்குக் கிடைத்தது. முதலெழுத்துக்காரர்களுக்கு எல்லாவற்றிலும் முதல் மட்டும்தான் என்பது அந்த வாரத்துக்குள் காலனிக்கே புரிந்துபோனது. பேச்சிலும் அப்படியே. வாக்கியத்தின் தலை வரும், வால் வராது.

வெள்ளைப்பாறைக்காரர்கள் இதற்காக ஒப்பாரி வைக்கவில்லை. தண்ணி லாரி வாரத்துக்கு ஒரு நாள்தான் வரும் என்று ஆனபோது எப்படிப் பழகினார்களோ, அப்படியே இதற்கும் பழகினார்கள். ஒருவர் ஆரம்பித்த வாக்கியத்தைக் கேட்கிறவர் மனசுக்குள் முடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அதனால் வந்த சண்டைகளும் பாதியில் நின்றன. கோமாபிசெக்களுக்குப் பேச்சு முழுசாக வந்தது, ஆனால் நாலு வாயிலும் ஒரே பேச்சு. ஒருத்திக்குத் தும்மல் வந்தால் நாலு பேரும் தும்மினார்கள், மாடத்தி புருஷனை வைதால் நாலு புருஷன்மாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆறுமுகநயினாருக்குத் தொடக்கமும் முடிவும் இருந்தன, நடுவைக் காணோம். சம்மட்டியைத் தூக்குவான், அடுத்த நொடி கை காய்த்துப்போய்ச் சாயங்காலத்தில் நிற்பான். திருச்செந்தூருக்குப் போய்விட்டு வந்தான். போனதும் உண்டு, வந்ததும் உண்டு, சாமியைப் பார்த்தது மட்டும் இல்லை.

“கொடுத்து வெச்சவன்” என்றார்கள் கோமாபிசெக்கள். “வேலை செஞ்ச ஞாபகமே கெடையாது. நமக்குப் பாரு, ஒருத்திக்குப் பல்வலின்னா பதினாறு கடவாய்ப் பல்லும் வலிக்கி.”

எல்லாரும் சிரிக்கத் தொடங்கினார்கள்.

சிரிக்க முடியாதவள் நாலாவது லயன் வீட்டு வரிசையில் இருந்த இசக்கியம்மாள் ஒருத்திதான். புரட்டாசியில் அவளுக்கு இடுப்பு வலி கண்டது. முதல் வலி. அது முதல் வலியாகவே ஐப்பசியைத் தாண்டிக் கார்த்திகைக்கும் வந்து நின்றது. மருத்துவச்சி தினமும் வெந்நீர் போட அடுப்பைப் பற்றவைப்பாள். இசக்கியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். அவள் புருஷன் மந்திரமூர்த்தி வாசலில் உட்கார்ந்து, “ஏ பிள்ள, இன்னும் கொஞ்ச...” என்பதோடு வாயை மூடிக்கொள்வான்.

அந்தச் சமயத்தில்தான் சிவனணைந்தபெருமாளின் மகள் செண்பகவல்லிக்கு ஒன்பதாவது மாசம் பிறந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத் தரித்த கரு. தாயில்லாத பெண். சங்கரன்கோவில் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான் என்று சம்பந்தி வீட்டில் பிடிவாதமாக நின்றார்கள். செண்பகம் போன் பண்ணினாள்.

“யப்பா, நல்லாருக்கீயளா? எப்ப வந்து என்னைக் கூட்டிட்டுப் போறீய?”

இசக்கியம்மாள் சுவரைப் பிடித்து நடக்கிற சத்தம் அவர் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. “செம்பகம், நீ இங்க...” என்றார். வாலைத் தேடி வாயைத் திறந்து திறந்து மூடினார்.

“நீ இங்க வந்துருங்கீயளா? சரிப்பா. ஒங்களுக்கும் வயசாச்சு, எதுக்கு அலையணும். வெள்ளிக்கெழமை அத்தை கொண்டாந்து விட்டுருவாவ.”

திரும்ப அவர் போன் போட்டபோது முதல் மணி அடித்தது, அதோடு நின்றது. கோமாபிசெக்களைக் கூட்டிவந்து பேசச் சொன்னார். நாலு பேரும் ஒரே குரலில், “தாயே, பிள்ளையைத் தயவுசெஞ்சு இங்க அனுப்பாதீக” என்றதும் சம்பந்தியம்மாள், “பெத்த தகப்பன் சொல்லாம இதச் சொல்ல நீங்க யாரு கூட்டமா? அவரு வாயால சொல்லட்டும்” என்று வைத்துவிட்டாள்.

இனி ஒரே வழிதான் இருந்தது. வாசலில் மகளை எழுதும்போது ஓர் எழுத்தாக வெட்டாமல் முழுப் பேரையும் எழுதினால் அவளுக்கு வலியும் முழுசாக வரும், பிள்ளையும் வரும். எழுதுகிற பேனா தங்கப்பழத்தின் கையில் இருந்தது. தங்கப்பழம் அவருடைய மச்சினன், செத்துப்போன வேலம்மாளின் தம்பி, செண்பகத்துக்குத் தாய்மாமன். ஒன்பது வருஷமாக இருவருக்கும் பேச்சு கிடையாது.

வேலம்மாள் செத்த அன்று, மத்தியானம் தகவல் வந்து சம்மட்டியைப் போட்டுவிட்டு ஓடினார் சிவனணைந்தபெருமாள். மறுநாள் மஸ்டரில் அவருக்கு அரை நாள்தான் குறி இருந்தது. பெண்டாட்டி செத்ததற்கு அரை நாள் வெட்டு. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, செரிக்கவும் இல்லை. மறுவருஷம் செண்பகத்தின் கல்யாணப் பத்திரிகை அடித்தபோது, அச்சாபீஸ்காரன், “தாய்மாமன் பேரை எங்க போடட்டும்?” என்று கேட்டான். “எடம் இல்லைல்லா. சுற்றமும் நட்பும்னு கீழ போட்டிருக்கேரே, அதுல அவனும் அடக்கம்” என்றார். தாய்மாமன் பேரில்லாத பத்திரிகை ஊரெல்லாம் போனது. தங்கப்பழம் கல்யாணத்துக்கு வந்தான், சீர்த்தட்டை வைத்தான், சாப்பிடாமல் போனான்.

வியாழக்கிழமை காலையில் சிவனணைந்தபெருமாள் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றார். அந்த நாலடியை நடக்க அவருக்கு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. பின்னால் காலனி முழுக்கக் கூடியது.

“தங்கப்பழம், அன்னைக்குப் பத்திரிகையில...”

நின்றுவிட்டது.

தங்கப்பழம் மஸ்டரிலிருந்து தலையைத் தூக்கினான். “சொல்லுங்க அத்தான். அன்னைக்குப் பத்திரிகையில?”

“தங்கப்பழம், அன்னைக்குப் பத்திரிகையில...”

“கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

கோமாபிசெக்கள் பொறுக்க மாட்டாமல், “ஒம்ம பேரைப் போடாம விட்டது தப்புதாம்னு சொல்ல வாராரு, வேற என்ன? பெரிய மனுஷனைப் போட்டு நோகடிக்காதீரும்” என்றார்கள்.

“யாரும் வால் ஒட்ட வேண்டாம்” என்றான் தங்கப்பழம். “அவரு வாயால வரணும்.”

சிவனணைந்தபெருமாள் மறுபடி தொடங்கினார். மறுபடி தொடங்கினார். வெயில் ஏறி, வெடிக்கான சங்கு ஊதி, கல் சரிந்து, புழுதி அடங்கி, எல்லாரும் வேலைக்குப் போய் வந்து, இன்னும் அவர் அந்த ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதே வாக்கியத்தின் தலையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பது தடவைக்கு மேல் இருக்கும் என்று எண்ணத் தொடங்கியவர்கள் பிறகு சொன்னார்கள். கடைசியில் தங்கப்பழம்தான் ஜன்னலுக்குக் கிட்டே வந்தான்.

“அரை நாளை மனசுல வெச்சுத்தான பேரை எடுத்தீக? அன்னைக்கு அரை நாள்தான் போட முடியும், சட்டம் அது. செத்தது எனக்கும் அக்காதான். எனக்கும் அரை நாள்தான் போட்டேன். அதை வந்து பாத்தீகளா? கேட்டீகளா?”

அவர் பிடித்திருந்த ஜன்னல் கம்பியை விட்டார்.

வெள்ளிக்கிழமை பத்து மணி பஸ்ஸில் செண்பகவல்லி வந்து இறங்கினாள். சம்பந்தியம்மாள் பையை வாசலில் வைத்துவிட்டு, “வெளியாள் உள்ள வரப்படாதாமே, நல்ல எடம்தான்” என்று அதே பஸ்ஸில் திரும்பிப் போனாள். செண்பகம் இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு குவாரி வாசலில் நின்றாள். வந்த வழியிலேயே அவளுக்கு வலி கண்டிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, முதலில் கண்ணில் பட்டவனைப் பார்த்து, “மாமா” என்றாள்.

தங்கப்பழம் மஸ்டரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்தான். ஒரு டிரம்மின் மேல் விரித்து வைத்தான். பேனாவைத் திறந்தான். திறந்த பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

“எழுது மாமா, நிக்க முடியல.”

“பேரு முழுசாப் போகணும் தாயி. எடம் இல்ல.”

“என்ன மாமா, ஒரு பேருக்கா எடம் இல்ல?”

அவன் வாசலுக்கு உள்ளே நின்ற சிவனணைந்தபெருமாளைப் பார்த்துச் சொன்னான். மெதுவாக, டைம் ஆபீஸ் குரலை விட்டுவிட்டு.

“அத்தான், விருந்தாளி ஆளோட வரியிலதான் ஏறணும். ஒங்க வரியில இவளுக்கு ஒரு எழுத்துக்குத்தான் ஓரம் இருக்கு. பக்கத்துல இருக்கது எல்லாம் ஒங்க நாள். முப்பது கட்டம். ஆளைக் கோடு போட்டு அடிச்சாத்தான் கட்டம் காலியாகும். காலியானா அது மேலயே இவ பேரைத் தாராளமா எழுதலாம். இதுவரைக்கும் யாரையும் அடிச்சதில்ல. அடிச்சா ஒங்களுக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது.”

சிவனணைந்தபெருமாளுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. நீ செய்வாய் என்று எனக்குத் தெரியும், உன் அக்காளை நினைத்துச் செய், நான் போய்ச் சேர்ந்தால் பிள்ளைக்குக் காது குத்த நீ மடி கொடு, இருந்தாலும் அந்த அரை நாளை நான் மறக்கமாட்டேன் என்று நீளநீளமாக இருந்தது. அதிலெல்லாம் தலைதான் வரும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. மகளைப் பார்த்தார். அவள் குனிந்து டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அடி” என்றார்.

தலையும் வாலும் அந்த ஒன்றுக்குள்ளேயே இருந்தன. நாலு மாசத்துக்குப் பிறகு வெள்ளைப்பாறையில் ஒரு முதலெழுத்துக்காரர் சொல்லி முடித்த முதல் பேச்சு அது.

தங்கப்பழம் அடிக்கோலை வைத்துச் சிவப்பு மையால் க.வ.சி.யின் மேல் ஒரு கோடு இழுத்தான். கோடு நேராக வரவில்லை. கோடு முடிந்தபோது சிவனணைந்தபெருமாள் வாசலுக்கு வெளியே, டீக்கடை பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றார். நடந்த ஞாபகம் இல்லை. உள்ளே, அவருடைய ஒன்றாம் தேதியில் தொடங்கிப் பதினெட்டாம் தேதிவரை, தங்கப்பழம் ஓர் எழுத்தையும் விடாமல், ஒரு புள்ளியும் இடையில் வைக்காமல், வன்னியப்பன் பேத்தி வேலம்மாள் மகள் செண்பகவல்லி என்று எழுதினான். அவள் எழுத்து காயக் காத்திருக்காமல் உள்ளே போனாள். திரும்பிப் பார்த்து, “அப்பாவை எங்க?” என்று கேட்டாள். கோமாபிசெக்கள் அவள் நாலு பக்கமும் கை கொடுத்து அழைத்துப் போனார்கள்.

சிவனணைந்தபெருமாள் அவள் பின்னாலேயே போனார். வாசலில் காலை வைத்ததும் மறுபடியும் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றார். வாட்ச்மேன் அவர் நின்ற இடத்தின் வழியாக, அங்கே ஆளே இல்லாததுபோல, எதிரே இருந்த ரோட்டைப் பார்த்தான். மற்ற திசையெல்லாம் அவருக்குத் திறந்துதான் கிடந்தது. முதல் வளைவைத் தாண்டிப் போய்ப் பார்த்தார், இரண்டாவது வளைவு இருந்தது, அதற்கப்பால் பனைமரங்கள் இருந்தன, பஸ் ஏறினால் திருநெல்வேலி இருந்தது. டீயைக் கடைசி மடக்குவரை குடித்தார், அடியில் தங்கிய சர்க்கரையை விரலால் வழித்து நக்கினார். எல்லாவற்றுக்கும் முடிவு வந்துவிட்டது. குவாரி வாசலில் மட்டும் அது கொஞ்சம் சீக்கிரமாக வந்தது. எங்கேயும் போகலாம் என்று ஆனவர் எங்கேயும் போகாமல் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலத்துக்கு முன்னால் மந்திரமூர்த்தியும் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். கையில் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் பேந்தப் பேந்த விழித்தான்.

“ஒன்னையும் அடிச்சாச்சா?” என்றார் அவர்.

“நானாத்தான் அடிக்கச் சொன்னேன் பெரியப்பா. இசக்கியம்மா பேரை என் வரியில முழுசா எழுதிட்டாரு. உள்ள பெரிய கூட்டம். யாருக்காக யாரை அடிக்கணும்னு வீட்டுக்கு வீடு உக்காந்து பேசுதாவ. சில வீட்டுல சண்டை.” சொல்லிவிட்டுத் தான் சொன்னதைத் தானே கேட்டவன்போல நின்றான். “ஏயப்பா, முழுசாப் பேசிட்டேனே.”

“உக்காரு. டீ குடி. அடிவரைக்கும் குடிக்கலாம்.”

முதலில் வந்தது இசக்கியம்மாளின் சத்தம். இரண்டரை மாச வலியும் சேர்ந்தாற்போல வந்த சத்தம். அதற்குப் பிறகு ஒரு பிள்ளை அழுதது. மந்திரமூர்த்தி வாசலுக்கு ஓடினான், பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றான், மறுபடி ஓடினான். கொஞ்ச நேரத்தில் இன்னொரு பிள்ளை அழுதது. இது வேறு குரல். தொடங்கி, ஏறி, உச்சிக்குப் போய், இறங்கி, விக்கலாகி, நின்றது. முழு அழுகை. சிவனணைந்தபெருமாள் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

வாசல் திறந்து தங்கப்பழம் வந்தான். பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தான். இருவருக்கும் நடுவில் மூன்று ஆள் உட்காரலாம்.

“ஏ டீக்கடை” என்றான், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. “செம்பகத்துக்கு ஆம்பளப் பிள்ளை. தாயும் பிள்ளையும் சொகம்னு பெரியவருட்டச் சொல்லு.”

“பக்கத்துலதான இருக்காரு, நீரே சொல்லும்” என்றான் டீக்கடைக்காரன்.

ஒரு ஜல்லி லாரி போனது. புழுதி அடங்குவதற்குள் சிவனணைந்தபெருமாள் தொண்டையைச் செருமினார்.

“தங்கப்பழம், அன்னைக்குப் பத்திரிகையில எடம் இருந்துது. ரெண்டு வரி எடம் இருந்துது. நான்தான் ஒம் பேரைப் போட வேண்டாம்னேன். மறந்து விடல, வேணும்னுதான் விட்டேன். நீ அரை நாள் வெட்டினதுக்கு விட்டேன். இன்னைக்கு அச்சடிச்சாலும் விடுவேன்.”

சொல்லி முடித்துவிட்டார். இனிமேல் அதில் ஒட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

தங்கப்பழம் கிளாஸைக் கீழே வைத்தான். அவர் முகத்தைப் பார்த்தான். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தான்.

“சரி அத்தான்” என்றான். “முழுசாச் சொல்லிட்டீக.”

எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தான். பிள்ளைக்கு ஒரு வரி வேண்டும், அதற்கு இன்னும் பன்னிரண்டு கட்டம் காலியாகக் கிடந்தது, பேரை யாரிடமாவது கேட்க வேண்டும். வாசலுக்கு உள்ளே போய் நின்று திரும்பினான். வாட்ச்மேன் கதவைச் சாத்திக்கொண்டிருந்தான்.

“பேரு என்னன்னு போடட்டும்?” என்று கத்தினான்.

சிவனணைந்தபெருமாள் கதவுக்கு எவ்வளவு பக்கத்தில் போக முடியுமோ அவ்வளவு பக்கத்தில் போய் நின்று, அவருக்குத் தெரிந்ததிலேயே நீளமான பேரைச் சொன்னார்.